செவ்வாயைத் தலைகீழாக அடுக்கிய கதை

புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று எங்கள் ஒபிஸை நடத்தும் நஸீர் சேர் என்னிடம் கேட்டார். விதிமுறைகளைச் சுருக்கி எழுதித் தருவேன் என்று அவர் நினைத்திருப்பார். விதிமுறைகள் ஏற்கெனவே நாற்பது பக்கம் இருக்கின்றன. யாரும் வாசிப்பதில்லை. ஆகவே நான் செய்த பிழையை எழுதுகிறேன். அடுத்தவர் செய்த பிழை என்றால் எல்லோரும் கடைசி வரி வரைக்கும் வாசிப்பார்கள்.

1. என்ன வேலை

ஓட்டமாவடி பிரதான வீதியில் ஒரு புடைவைக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஒபிஸ் இருக்கிறது. பொலன்னறுவை பஸ் ஹோர்ன் அடித்தால் மவுஸ் பிடித்த கை துள்ளும். என்னோடு சேர்த்துப் பன்னிரண்டு பெண்கள், பன்னிரண்டு திரை. படங்களில் கோடு போடுவது எங்கள் வேலை. நாங்கள் போடும் கோடுகளைப் பார்த்து எங்கேயோ இருக்கும் கம்ப்யூட்டர்கள் படித்துக்கொள்ளும். முதலில் வெளிநாட்டு வீதிகளில் போகும் கார்களுக்குக் கோடு போட்டோம். பிறகு தொட்டியில் நீந்தும் இறால்களுக்கு. இறால் ஓரிடத்தில் நிற்பதில்லை என்பதால் அது பெரிய தொல்லை.

அதன் பிறகு செவ்வாய்க் கிரகம் வந்தது. பாறை ஓடாது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம்.

அங்கே ஊர்ந்து திரியும் வண்டி எடுத்த படங்கள் அவை. மரமில்லை, ஆளில்லை, காகம்கூட இல்லை. செம்மண் நிறத்தில் பாறைதான், படை படையாக. பள்ளிக்கூடத்தில் அடையற் பாறை என்று படித்திருப்பீர்கள். தண்ணீரோ காற்றோ கொண்டுவந்து போட்ட மணலும் சேறும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்து இறுகியது. கீழே உள்ளது பழையது, மேலே உள்ளது புதியது. ஒவ்வொரு படைக்கும் எல்லைக் கோடு போட்டு, எந்த ஒழுங்கில் படிந்ததோ அந்த ஒழுங்கில் இலக்கம் கொடுக்க வேண்டும். வெளிநாட்டு ஆராய்ச்சிக் குழு ஒன்று கேட்டது அவ்வளவுதான்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதினொரு வருடம் பாலர் பாடசாலையில் படிப்பித்தேன். அதனால் இங்கேயும் அநேகம் பேருக்கு நான் ரீச்சர். எங்கள் குழுவில் இரண்டு பேர் என்னிடம் பாலர் வகுப்பில் படித்தவர்கள், நான் மூக்குத் துடைத்துவிட்ட பிள்ளைகள். கணவர் கட்டாரில். ஒரே மகள், ஏ.எல். பரீட்சை எழுதும் வருடம். அவள் பிறந்த நாளிலிருந்து நான் லீவே போடாமல் பயந்துகொண்டிருக்கிறேன். கேஸ் சிலிண்டர், டெங்கு, தெருநாய், வேன்காரன் என்று பயத்துக்குப் பொருள் குறைவதே இல்லை. மற்றவர்கள் போட்டதைச் சரிபார்க்கும் செக்கராக என்னைப் போட்டபோது நஸீர் சேர் காரணம் சொன்னார்.

“நீங்க ஒண்டையும் நம்பாத ஆள், ரீச்சர். செக்கருக்கு அதுதான் தகுதி.”

பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

2. உதாரணம்

பயிற்சி நாளன்று நஸீர் சேர் இலக்கம் போடும் விதியைச் சுவரில் காட்டி ஆங்கிலத்தில் வாசித்தார். யாருக்கும் விளங்கவில்லை. இரண்டாம் தடவை இன்னும் உரத்து வாசித்தார். அப்போதும் விளங்கவில்லை. ஒருவருக்கு விளங்கவில்லை என்று கண்டால் என்னால் கதிரையில் இருக்க முடியாது. அது பாலர் பாடசாலை தந்த வியாதி. எழும்பிப் போனேன்.

குழல் புட்டை நினையுங்கள் என்றேன். சிவப்பு மா, வெள்ளைத் தேங்காய்ப்பூ, மறுபடி மா, மறுபடி தேங்காய்ப்பூ. இந்தப் பாறையும் அதேதான். புட்டை எப்படி எண்ணுவீர்களோ அப்படியே ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு போங்கள் என்றேன். அறை முழுக்க முகங்கள் மலர்ந்தன. நஸீர் சேர்கூடத் தலையாட்டினார்.

கை உயர்த்தியது ஒரே ஒருவர், சுமதி. வாகரைப் பக்கமிருந்து பஸ்ஸில் வரும் தமிழ்ப் பிள்ளை. தகப்பன், புருஷன் இருவரும் மீன்பிடி.

“அக்கா, எங்கட வீட்ட நீத்துப்பெட்டியிலதான் அவிக்கிற. அதுல படை இல்ல. எல்லாம் ஒண்டாக் கலந்துதான் கிடக்கும்.”

எல்லோரும் சிரித்தார்கள். ஓலைப் பெட்டிப் புட்டுக்கு நான் உதாரணம் தயாரித்திருக்கவில்லை. கற்பனை செய்துகொள் என்றேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, தான் அந்த நாற்பது பக்கத்தையே வாசிக்கிறேன் என்றாள். பாவம் என்று நினைத்தேன். இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

மூன்று வாரம் வேலை அருமையாகப் போனது. வேகத்தில் முதலிடம் ஃபஸ்லாவுக்கு. என்னிடம் படித்த இருவரில் ஒருத்தி. அன்று பென்சிலைக் கடித்தவள் இன்று மவுஸைப் பறக்கவிட்டாள். கோடு பாறையின் விளிம்பில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று நான் பார்ப்பேன். இலக்கங்கள் இடையில் விடுபடாமல் ஓடினால் மென்பொருள் தானாகப் பச்சைச் சரி போடும். அதை நம்பினேன். கேஸ் சிலிண்டரை நம்பாதவள், வேன்காரனை நம்பாதவள், ஒரு பச்சைச் சரியை நம்பினேன். பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் வீட்டுக்கு அழைத்து, அடுப்பு அணைந்திருக்கிறதா, புத்தகம் திறந்திருக்கிறதா என்று விசாரிப்பேன். குசினிப் பக்கமே போகவில்லை என்று மகள் சொன்ன பிறகுதான் அடுத்த படத்தைத் திறப்பேன்.

3. மரியாதையான மின்னஞ்சல்

ஒரு நாள் காலை அந்த ஆராய்ச்சிக் குழுவின் தலைவியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. நாங்கள் அவரை டொக்டர் என்போம். மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார். மரியாதை கூடக் கூட எனக்குச் சந்தேகமும் கூடும்.

நானூறு படங்களில் இலக்கம் மேலிருந்து கீழே ஓடுகிறது, மிச்சப் படங்களில் கீழிருந்து மேலே ஓடுகிறது என்று எழுதியிருந்தார். ஒரே பாறைச் சுவரை எங்களில் இரண்டு பேர் எதிரும் புதிருமாக எண்ணியிருக்கிறார்களாம். ஒருத்தியின் கணக்கில் அங்கே ஓர் ஏரி நிரம்பிப் பிறகு வற்றியிருக்கிறது. மற்றவளின் கணக்கில் வற்றிப் பிறகு நிரம்பியிருக்கிறது. அந்த நானூறு இடங்களிலும் பாறை புரண்டு கிடப்பதற்கு நீங்கள் ஏதும் அடையாளம் கண்டீர்களா, அல்லது இலக்கம் போட்டதில் பிழையா என்று கேட்டிருந்தார். பிழையென்றால் வேலையைத் தொடர்வதா என்று யோசிக்க வேண்டி வரும். மறுநாள் நான்கு மணிக்கு வீடியோவில் பேசலாம் என்று முடித்திருந்தார்.

என் பிழையால் ஒரு விண்வண்டி பாதை மாறிக் குழிக்குள் விழுவதாகவும், அந்தச் செய்தியைக் கட்டாரில் ஒரு தேத்தண்ணிக் கடையில் என் கணவர் பார்ப்பதாகவும் மனம் அரை நிமிடத்தில் படம் ஓட்டிவிட்டது.

நஸீர் சேர் கதவைச் சாத்தினார். முன்பு போன் கடை வைத்திருந்தவர். எதற்கும் உடனே ஒரு வழி வைத்திருப்பார்.

“அவவே வழி காட்டித் தந்திருக்கா, ரீச்சர். பொரண்டுதான் கிடக்கு எண்டு சொல்லிருவம். ஆர் அங்க போய்ப் பாக்கப் போறாங்க?”

போய்ப் பார்த்துத்தானே இந்தப் படங்களை எடுத்திருக்கிறார்கள் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

“ஆள் போகல்லயே.”

உண்மையைச் சொல்கிறேன், அன்று பின்னேரம் பாதிச் சம்மதத்தோடுதான் வீட்டுக்குப் போனேன். இந்த மேல்மாடி மூடப்பட்டால் பன்னிரண்டு பேரும் வீட்டில். அதில் பாதிப் பேருக்கு ஊருக்குள் வேறு வேலை இல்லை. சுமதியின் வீட்டில் சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போவதற்கான ஏஜென்சி விண்ணப்பப் பாரம் நிரப்பாமல் கிடந்தது. இந்த வேலை இருப்பதால்தான் அது நிரப்பப்படாமல் கிடந்தது. அவளுக்கு நான்கு வயதில் ஒரு பிள்ளை.

4. குசினியில் கிடைத்த விடை

எங்கே பிழைத்தது என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை. மஃரிப் தொழுகைக்குப் பிறகு புட்டு அவித்தேன். வேறு எதையும் சமைக்க மூளை வேலை செய்யவில்லை. மகள் இரசாயனவியல் புத்தகத்தோடு மேசையில் இருந்தாள். குழலின் அடியில் தடியை வைத்துத் தள்ளினேன். புட்டு அவளுடைய பீங்கானில் வந்து சாய்ந்தது. ஏனோ கேட்டேன், இதில் எது ஒன்றாம் படை என்று.

புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், குழல் வாயால் முதலில் வெளியே வந்த துண்டைத் தொட்டாள்.

அது கடைசியாகப் போட்டது என்றேன். முதலில் போட்டது மற்றப் பக்கம், குழலின் அடியில் கிடந்தது. மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“எனக்கு எப்பிடித் தெரியும் உம்மா? நீங்கதான் என்னக் குசினிக்குள்ளயே விடுறல்லயே.”

தடியைக் கீழே வைத்தேன்.

எங்கள் பக்கம் ஏ.எல். படிக்கிற பெண்பிள்ளை இருக்கும் வீட்டில் குசினி அவளுக்குத் தடை. கை சுடும், நேரம் போகும், படிப்புக் கெடும். நான் மட்டுமல்ல, எல்லா உம்மாமாரும் அப்படித்தான். பரீட்சை முடிந்து பெறுபேறு வந்து, கல்யாணம் பேசும் வரைக்கும் அந்தத் தடை நீளும். எங்கள் ஒபிஸில் ஐந்து பேர் ஏ.எல். முடித்த கையோடு வந்தவர்கள். அவர்களுக்குப் புட்டு பீங்கானில்தான் தொடங்குகிறது. குழலுக்குள் அது என்ன ஒழுங்கில் போனது என்று அவர்கள் கண்டதே இல்லை.

காலையில் முதலாளாகப் போய், வந்தவர்களை ஒவ்வொருவராகக் கேட்டேன், குழலுக்குள் முதலில் என்ன போடுவீர்கள் என்று. கல்யாணம் முடித்தவர்கள் என்னை விசித்திரமாகப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னார்கள். ஃபஸ்லா முறை வந்தது.

“மா. இல்ல, தேங்காப்பூ. ரீச்சர், உம்மாக்குக் கோல் எடுத்துக் கேட்டுச் சொல்லட்டா?”

தடுமாறியவர்கள் ஐந்து பேர். நானூறு படங்களும் அந்த ஐந்து பேருடையவை. ஒன்று கூடவுமில்லை, குறையவுமில்லை. சுமதியையும் சேர்த்துச் சமைக்கிற ஆறு பேருக்கு ஏரி நிரம்பி வற்றியிருந்தது. சாப்பிடுகிற ஐந்து பேருக்கு வற்றி நிரம்பியிருந்தது. என் உதாரணம் விளங்காத சுமதி, விதியை வாசித்தே எல்லாவற்றையும் சரியாகப் போட்டிருந்தாள்.

5. நான்கு மணி

புரண்டு கிடக்கிறது என்று என்னால் சொல்ல ஏலாது என்று நஸீர் சேரிடம் சொன்னேன். அப்படியென்றால் என்ன சொல்வீர்கள், புட்டு என்றா என்று கேட்டார். புட்டு என்றுதான் என்றேன். அவர் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

என் ஆங்கிலம் பாடசாலை ஆங்கிலம். பேச வேண்டியதைத் தாளில் எழுதி வைத்திருந்தேன். பிழை எங்களுடையது, உதாரணம் சொன்னது நான், சரிபார்க்காமல் விட்டதும் நான் என்று வாசித்தேன். டொக்டர் புட்டு என்றால் என்ன என்று கேட்டார். அதற்குத் தாளில் வசனம் இல்லை. ஆனால் வீட்டிலிருந்து குழலையே கொண்டுபோயிருந்தேன். கெமராவுக்கு முன்னால் பிடித்து, அடிப்பக்கத்தைக் காட்டி, தடியால் தள்ளிக் காட்டினேன். காலையில் அவித்த புட்டு கொஞ்சம் வேகமாக வந்து நஸீர் சேரின் கீபோர்டில் விழுந்தது.

டொக்டரின் முகம் மாறவில்லை. அவருக்குப் பக்கத்தில் இருந்த இளைஞர் மட்டும் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின.

டொக்டர் தீர்ப்புச் சொன்னார். ஐந்து நாளில் நானூறையும் திருத்தித் தர வேண்டும். அதில் பத்தை எடுத்து, தங்களிடம் உள்ள விடைத்தாளோடு ஒப்பிடுவார்கள். ஒன்று பிழைத்தாலும் வேலை நிற்கும். ஏதாவது ஒரு படத்தில் மேலிருந்து கீழே எண்ணத்தான் வேண்டும் என்று நாங்கள் சொன்னால், காரணம் எழுதி ஒருவர் கையொப்பம் வைக்க வேண்டும்.

6. சுமதி மாற்ற மறுத்த படம்

நானூறையும் மற்றப் பதினொரு பேருக்கும் பிரித்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றையும் நானே திறந்து, கீழே ஒன்று இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தேன். ஐந்தாம் நாள் பகல் ஒரு படம்தான் மிச்சம். ஃபஸ்லா பிழையாக எண்ணிய ஒன்று, திருத்துவதற்காகச் சுமதியிடம் போயிருந்தது. சுமதி அதை மாற்றாமல் வைத்திருந்தாள்.

“இத மாத்தமாட்டன் அக்கா. இது சரி.”

போய்ப் பார்த்தேன். ஒரு சரிவின் அடியில் மாட்டு வண்டி அளவில் ஒரு கல். அதன் படைகளுக்கு உள்ளே மெல்லிய கோடுகள் சாய்வாக ஓடின. சுமதி திரையில் விரலை வைத்தாள்.

“எங்கட பக்கம் மாரிக்கு முகத்துவாரம் வெட்டுறவங்க, வாவித் தண்ணி கடலுக்குப் போக. வெட்டினா ரெண்டு பக்கமும் மணல் சுவர் மாதிரி நிக்கும். அதுலயும் இப்பிடிச் சாய்ஞ்ச கோடு இருக்கும். கோட்டுட கீழ் நுனி வளைஞ்சு போய்த் தரையோட படுக்கும். மேல் நுனி பட்டெண்டு வெட்டுப்பட்டு நிக்கும். பொறகு வந்த தண்ணி அதச் சீவிட்டுப் போறதால.”

மற்றப் படங்களைத் திறந்து காட்டினாள். எல்லாவற்றிலும் வெட்டுப்பட்ட நுனி மேலே, வளைந்து படுத்த நுனி கீழே. இந்தக் கல்லில் மட்டும் மாறி இருந்தது. வெட்டு கீழே, வளைவு மேலே.

“இது மேல இருந்து உருண்டு வந்து குப்புற விழுந்த கல்லு அக்கா. இதுக்கு மேலதான் ஒண்டு.”

பின்னால் நின்ற ஃபஸ்லா, அப்படியென்றால் தான் போட்டது சரியா என்று கேட்டாள். பிழையாகப் போட்டுச் சரியாக வந்திருக்கிறது, பேசாமல் இரு என்றேன்.

நஸீர் சேர் வந்து பார்த்தார். அவருக்கும் விளங்கியது. ஆனால் அவர் கேட்டதும் நியாயம்தான்.

“முந்நூத்தித் தொண்ணூத்தொம்பதும் புட்டுப் பிழை, இந்த ஒண்டு மட்டும் மெய்யாவே பொரண்டது எண்டா ஆர் நம்புவாங்க, ரீச்சர்? மாத்திட்டு அனுப்புங்க. ஒரு கல்லுதானே.”

ஐந்து நாளைக்கு முன் நான் சொல்ல மறுத்த பொய்யும், இப்போது சொல்ல வேண்டிய உண்மையும் ஒரே வசனமாக இருந்தன. இலக்கத்தைக் கீழிருந்து போட்டால் யாரும் ஒரு கேள்வியும் கேட்கமாட்டார்கள். அப்படியே விட்டு, அந்தப் பத்தில் இதுவும் அகப்பட்டு, அவர்களுடைய விடைத்தாள் வேறு மாதிரி இருந்தால், மேல்மாடி மூடப்படும். முதலில் நிரப்பப்படுவது சுமதியின் பாரம்தான். அது அவளுக்கும் தெரியும். பயமில்லையா என்று அவளைக் கேட்டேன்.

“பயம்தான் அக்கா. ஆனா கல்லு குப்புறத்தானே கிடக்கு.”

காரணம் எழுதும் கட்டத்தில் அவள் சொன்னதை வசனம் வசனமாக ஆங்கிலத்தில் எழுதினேன். தெரியாத இரண்டு சொற்களைக் கேட்க மகளுக்கு அழைப்பெடுத்தேன். அன்றைக்கு அடுப்பைப் பற்றி விசாரிக்கவில்லை. கண்டவர் என்று சுமதியின் பெயரும், பொறுப்பு என்று என் பெயரும் போட்டு அனுப்பினேன்.

இரண்டு நாள் பதில் இல்லை. இரண்டு நாளும் சோறு அடிப்பிடித்தது. சுமதி வழமைபோல வந்து, வழமைபோல இருந்து, வேறு படமில்லாததால் பழைய இறால்களுக்குக் கோடு போட்டாள்.

மூன்றாம் நாள் மின்னஞ்சல் வந்தது. நஸீர் சேர் வாசிக்க, பன்னிரண்டு பேரும் அவருடைய கதிரைக்குப் பின்னால் நின்றோம். பத்துப் படங்களைப் பார்த்தார்களாம். ஒன்பது சரி. பத்தாவது அந்தக் கல். அது அகப்படாமல் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. அவர்களுடைய விடைத்தாளில் கீழிருந்துதான் எண்ணியிருந்தது, ஆகவே நாங்கள் எழுதியது பிழை என்று அந்த வரி முடிந்தது. நஸீர் சேர் வாசிப்பதை நிறுத்தினார். யாரோ என் தோளைப் பிடித்தார்கள். சுமதி மட்டும், கீழே இன்னும் எழுதிக் கிடக்கிறது சேர், வாசியுங்கள் என்றாள்.

கீழே எழுதியிருந்தது இது: காரணத்தை வாசித்த பிறகு படத்தை மறுபடி பார்த்தோம். விடைத்தாளைத் திருத்திவிட்டோம். வேலையைத் தொடருங்கள். சரிவுகளில் விழுந்து கிடக்கும் கற்கள் எல்லாவற்றையும் இனிச் சுமதி என்பவர் பார்த்துச் சொல்ல முடியுமா?

7. உங்களுக்கு

மரியாதையான மின்னஞ்சல் வந்தால் இப்போதும் எனக்குப் பயம்தான். அது போகாது போலிருக்கிறது. நீங்கள் படிக்க வேண்டியது அந்தப் பயத்தை அல்ல.

ஒருவருக்கு உதாரணம் சொன்னால், அவர் தலையாட்டுவதைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். உங்கள் கண்முன்னே ஒன்றைச் செய்து காட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம்தான் போகும். எனக்கு ஐந்து நாள் போனது. உங்கள் உதாரணம் விளங்கவில்லை என்று ஒருவர் சொன்னால், அவரைப் பாவம் என்று நினைக்காதீர்கள். அவருக்கு என்ன தெரியும் என்று கேளுங்கள்.

இப்போது செக்கர் சுமதிதான். அந்த இடத்துக்கு அவளைப் போடும்படி நஸீர் சேரிடம் கேட்டதும் நான்தான். நான் மற்றவர்களோடு இருந்து கோடு போடுகிறேன். இந்தக் கிழமை என் படங்களில் மூன்றை அவள் திருப்பி அனுப்பியிருக்கிறாள். ஒன்றில் எட்டாம் படையை விட்டிருக்கிறேனாம். திறந்து பார்த்தேன். விட்டுத்தான் இருக்கிறேன்.